கூரையில் ஒரு ஜன்னல்

திருவண்ணாமலையில் வெயிலைப் பற்றிக் குறை சொல்வது அவ்வளவு உசிதமான காரியமல்ல. பஞ்சபூத ஸ்தலங்களில் இது அக்கினி ஸ்தலம். மலையே அக்கினி ஸ்வரூபம் என்று பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். "நெருப்பைத் தரிசிக்க வந்துவிட்டுச் சுடுகிறதே என்று சொன்னால் எப்படி?" என்று ஊர்க்காரர்கள் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. ஆனாலும் சித்திரை, வைகாசி மாதங்களில் கிரிவலம் வருகிற பக்தர்கள் மிகவும் புத்திசாலிகள். பகல் வேளையைத் தவிர்த்து, 14 கிலோ மீட்டர் தூரத்தையும் இரவிலேயே நடந்து முடித்துவிடுகிறார்கள். வேளையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சௌகரியம் அவர்களுக்கு இருக்கிறது.

அந்தச் சௌகரியம் இல்லாதவர்களும் இந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். செய்யாறு தொழிற்பேட்டையில் காலணி தைக்கும் பெண்கள், ஆரணி, களம்பூர்ப் பக்கங்களில் நெல் அரவை ஆலைகளில் வேலை செய்வோர், ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் தையல் கூடங்களிலும் பட்டறைகளிலும் உழைப்போர் ஆகிய இவர்களுக்குப் பகல் 12 மணி என்பது வேலை நேரம். அந்த நேரத்தில் பெரும்பாலோருடைய தலைக்கு மேலே இருப்பது ஒரு தகட்டுக் கூரை. அந்தக் கூரையைப் பற்றியும், அதில் வெளிச்சத்துக்காக வைக்கப்படும் ஜன்னலைப் பற்றியும் இங்கே கொஞ்சம் ஆராய விரும்புகிறோம்.

"கூரையிலே ஆராய என்ன இருக்கிறது? அது கொத்தனாருடைய சமாசாரம் அல்லவா?" என்று சிலர் நினைக்கலாம். வெயில் நம் ராஜ்யத்துக்கு ஒரு பெரிய விபத்தாகவே ஆகிவிட்டது. 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை ராஜ்யப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்து, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் என்று உத்தரவிட்டார்கள். இறந்த பிறகு கொடுக்கும் நிவாரணத்தைவிட, உயிரோடு இருக்கும்போதே தலைக்கு மேல் ஒரு நல்ல கூரை கொடுப்பது மலிவானது, கௌரவமானதுங்கூட.

பாட்டிமார் அறிந்த வித்தை

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணாடி ஓட்டைத் தெரியாமலிருக்காது. இருண்ட சமையலறையின் கூரையில் ஒரு மண் ஓட்டை எடுத்துவிட்டு, அதே அளவில் கண்ணாடியால் செய்த ஓட்டை வைத்துவிடுவார்கள். அடுப்பங்கரைப் புகையினூடே ஒரு வெளிச்சத் தூண் சாய்ந்து இறங்கும். நெசவாளர் வீடுகளில் தறிக்கு மேலேயும் இப்படி வைப்பதுண்டு. பட்டு இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எந்த வீட்டிலும் கூரை முழுவதையும் கண்ணாடி ஓட்டால் வேய்ந்ததில்லை. நூற்றுக்கணக்கான ஓடுகளுக்கு நடுவே ஒன்று அல்லது இரண்டுதான். அதற்கு மேல் வைத்தால் அறை அடுப்பாகிவிடும் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எந்தக் கலாசாலையிலும் படிக்காமல் அவர்கள் கண்டறிந்த இந்த விகிதாசாரத்தை, லட்சக்கணக்கில் பணம் செலவிட்டுத் தொழிற்கூடம் கட்டுகிறவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பட்டப் பகலில் விளக்கு

சில மாதங்களுக்கு முன் நம் ஊரை அடுத்த ஒரு சிறு தையல் கூடத்தைப் பார்க்க நேர்ந்தது. நம்மிடம் படித்த பெண்கள் இரண்டு மூன்று பேர் அங்கே வேலை செய்கிறார்கள். கூரையில் நாலு தகட்டுக்கு ஒரு தகடு வீதம் வெளிச்சத் தகடு போட்டிருந்தார்கள். கண்ணாடி நார் கலந்து செய்த தகடு அது. ஆனால் உள்ளே நுழைந்ததும் நாம் கண்டது என்ன? பகல் 11 மணிக்கு எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. மேலே அண்ணாந்து பார்த்தால், வெளிச்சத் தகடுகளின் மேல் பாதிக்குச் சாக்குப் போர்த்தியிருந்தது. மீதிக்குக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தது.

"வெளிச்சம் வேணும்னு அதைப் போட்டாங்க, சார். வெயில் தாங்கலைன்னு சாக்கைப் போட்டாங்க. இப்ப வெளிச்சமும் இல்லை, சூடும் குறையலை," என்றாள் ஒரு பெண். இவ்வளவு சுருக்கமாக இந்தப் பிரச்னையை எந்த நிபுணரும் சொல்லியிருக்க முடியாது.

அந்தக் கூடத்தின் சொந்தக்காரர் கெட்டவர் அல்ல. மின்சாரச் செலவைக் குறைக்க வேண்டும், வேலை செய்வோருக்கு நல்ல வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அவ்வளவு தகடுகளையும் போட்டார். கணக்குப் பார்க்காமல் போட்டதுதான் பிசகு. அந்தக் கணக்கை இப்போது பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாலாம் வகுப்புப் பெருக்கல் போதும்.

கோடைகாலத்தில் நடுப்பகல் வெயிலில் வெளிச்சத்தின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அளவை. சாதாரணமான வேலைக்கு 200 அல்லது 300 லக்ஸ் போதும். ஊசி நூல் கோக்கும் நுட்பமான வேலைக்கு 500 முதல் 750 வரை வேண்டும். அதாவது வெளியே கொட்டிக் கிடப்பதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தாலே தாராளம்.

1,000 சதுர மீட்டர் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கூரையில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது 30 சதுர மீட்டர், வெளிச்சத் தகடு என்று வைப்போம். தகடு பாதி வெளிச்சத்தை உள்ளே விடும். உள்ளே வந்ததில் பாதியைச் சுவரும் தூசியும் விழுங்கிவிடும். அப்படியும் சுமார் 750 லக்ஸ் கிடைக்கிறது. தையலுக்குப் போதும். நூற்றுக்குப் பத்துப் பங்கு வைத்தால் 2,500 லக்ஸ் வரும். அவ்வளவு வெளிச்சத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை, கண்தான் கூசும்.

இனி உஷ்ணத்தின் கணக்கு. நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் சக்தியைக் கொட்டுகிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் 1,000 வாட்தான். பாதி உள்ளே வருகிறது என்றால், 30 சதுர மீட்டர் தகடு 15 இஸ்திரிப் பெட்டிகளுக்குச் சமம். 100 சதுர மீட்டரோ 50 இஸ்திரிப் பெட்டிகளுக்குச் சமம். நாலு தகட்டுக்கு ஒன்று வீதம் போட்டால், அதே அளவுள்ள கூடத்தில் 125 இஸ்திரிப் பெட்டிகள்! அத்தனை பெட்டிகளைத் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டு, கீழே உட்கார்ந்து சட்டை தைக்கச் சொன்னால் யார்தான் சம்மதிப்பார்கள்?

இதிலிருந்து சூரிய வெளிச்சமே பொல்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. உண்மை அதற்கு நேர் விரோதம். ஒரே அளவு வெளிச்சத்துக்கு, பழைய குண்டு பல்பு தரும் உஷ்ணத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் சூரிய வெளிச்சம் தருகிறது. இக்காலத்து எல்.இ.டி. விளக்கோடு அது ஏறக்குறையச் சமமாக நிற்கும். செலவோ ஒரு காசு இல்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி வெயிலுக்கும் பொருந்தும், அவ்வளவுதான். காலை வேளையிலும், ஐப்பசி மழை மூட்டத்திலும் மூன்று பங்குத் தகடு போதாமற் போகலாம். அப்போது சில விளக்குகளை ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது. வருஷத்தில் சில மந்தமான நாட்களுக்காகக் கூரையைத் திறந்துவிட்டு, மற்ற நாட்களில் வெந்துகொண்டிருப்பது லாபகரமான பேரமல்ல.

சீமைக் கூரையும் நம் சூரியனும்

கூரைக் கண்ணாடியின் தொந்தரவு நமக்கு மட்டும் வந்ததல்ல. 1851-ல் லண்டனில் ஜோஸப் பாக்ஸ்டன் என்பவர் கண்ணாடியும் இரும்பும் கொண்டு பிரம்மாண்டமான பளிங்கு மாளிகையைக் கட்டி, உலகக் கண்காட்சிக்குக் கொடுத்தார். லண்டன் வெயில் எவ்வளவு சாது என்பது நாம் அறிந்ததே. அந்தச் சாது வெயிலுக்கே பயந்து, கண்ணாடிக் கூரையின் மேல் துணி விரித்து நிழல் உண்டாக்க வேண்டியிருந்தது. நம் தையல் கூடத்தின் சாக்குக்கு அதுதான் மூதாதை என்று சொல்லலாம்.

பிறகு மேல்நாட்டு ஆலைக்காரர்கள் ஒரு நல்ல தந்திரத்தைக் கையாண்டார்கள். ரம்பத்தின் பற்களைப் போல் கூரையை வரிசை வரிசையாக மடித்து, ஒவ்வொரு பல்லின் வடக்குப் பக்கத்திலும் கண்ணாடி வைத்தார்கள். இங்கிலாந்தில் நடுப்பகல் சூரியன் எக்காலத்திலும் தெற்கேதான் நிற்பான். ஆகையால் வடக்குக் கண்ணாடி வழியாக நேர் வெயில் வராது. ஆகாயத்தின் அமைதியான வெளிச்சம் மட்டும் நாள் முழுவதும் ஒரே சீராக வரும். இதற்கு 'வடக்கு வெளிச்சம்' என்றே பெயர் வந்துவிட்டது. பஞ்சாலைகளோடு சேர்ந்து இந்தக் கூரையும் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. இன்றும் தொழிற்கூடம் என்று படம் போடச் சொன்னால் குழந்தைகள் ரம்பப் பல் கூரையும் புகைபோக்கியுந்தான் போடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கூரை கப்பலேறியபோது சூரியனும் கூடவே கப்பலேறி வரவில்லை என்பதுதான் விஷயம்!

'உத்தராயணம்' என்று பஞ்சாங்கத்தில் படிக்கிறோம். சூரியன் வடக்கு நோக்கிச் செல்லும் காலம் என்று அர்த்தமும் தெரியும். ஆனால் நம் ஊரில் அவன் நம்முடைய தலையையும் தாண்டி வடக்கே போய்விடுகிறான் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? திருவண்ணாமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12¼ டிகிரியில் இருக்கிறது. சூரியன் 23½ டிகிரி வரையில் வடக்கே செல்கிறான். ஏப்ரல் 22-ந் தேதியை ஒட்டி அவன் நேர் உச்சிக்கு வருகிறான். அன்று முதல் ஆகஸ்ட் 20-ந் தேதி வரையில், ஏறக்குறைய நாலு மாதங்கள், நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். அக்கினி நட்சத்திரம் முழுவதும் இந்த நாலு மாதத்துக்குள் அடக்கம். ஜூன் மாதத்திலோ காலையில் உதிப்பதும் மாலையில் மறைவதுங்கூட வடக்குச் சாய்வாகவே நடக்கிறது. இங்கிலாந்தில் எந்தக் கண்ணாடி வெயிலிலிருந்து தப்பியதோ, அதே கண்ணாடி இங்கே நம் கடுங்கோடையில் வெயிலை வரவேற்று உட்கார வைக்கிறது.

இதை நம்ப மாட்டோம் என்கிறவர்கள் மொட்டை மாடியில் ஒரு கோலை நேராக நட்டுப் பார்க்கலாம். ஏப்ரல் 22-ஐ ஒட்டிப் பகல் பன்னிரண்டேகால் மணி அளவில் கோலின் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அதற்குப் பிந்திய வாரங்களில் அதே வேளையில் நிழல் தெற்கே விழும். நிழல் தெற்கே என்றால் சூரியன் வடக்கே. வீட்டிலுள்ள குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்தப் பரீட்சையைச் செய்தால், பூகோளப் புஸ்தகத்தின் பத்துப் பக்கங்கள் ஒரே நிழலில் விளங்கிவிடும்.

ஒரு முழம் நிழல்

அப்படியானால் வடக்கு வெளிச்சத்தைக் கைவிட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அதை நம் சூரியனுக்குத் தக்கபடி திருத்திக்கொள்ள வேண்டும்.

மங்கலான வானத்திலிருந்து கூடுதல் வெளிச்சத்தைப் பிடிப்பதற்காக மேல்நாட்டார் கண்ணாடியைச் சாய்த்து வைப்பது வழக்கம். தரையிலிருந்து 60 டிகிரிச் சாய்வில் வைத்த கண்ணாடியின் மேல் ஜூன் 21-ந் தேதி நடுப்பகலில் நம் ஊர் வெயில் தன் முழு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு விழும். அதே கண்ணாடியைச் சுவர்போலச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் விழும். நம் வானத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆகையால் கண்ணாடியைச் சாய்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

மீதியிருக்கும் அந்த ஐந்தில் ஒரு பங்கையும் தடுக்க, கண்ணாடிக்கு மேலே கூரையைச் சற்று முன்னுக்கு நீட்டினால் போதும். ஒரு மீட்டர் உயரமுள்ள செங்குத்துக் கண்ணாடிக்கு ஒரு முழம், அதாவது 45 சென்டி மீட்டர், நிழல் நீட்டினால், ஜூன் மாதத்தில்கூடக் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை மணி வரை நேர் வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது. வீட்டுத் தாழ்வாரத்துக்கும் ஜன்னலுக்கும் இறவாணம் நீட்டுகிற நம் தச்சர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. கூரையில் உள்ள ஜன்னலும் ஜன்னல்தானே. அதற்கும் ஓர் இறவாணம் வேண்டும் என்று எண்ணினால் போதும்.

ரம்பப் பல் கூரை போடச் சக்தியில்லாத சிறு கூடங்கள் தட்டைத் தகட்டையே போடலாம். ஆனால் நூற்றுக்கு மூன்று பங்கு என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. தெளிந்த கண்ணாடி வேண்டாம். பால் நிறத்தில் வெளிச்சத்தைப் பரப்பிவிடும் தகடு வேண்டும். தெளிந்த கண்ணாடி வழியாக விழும் வெயில் திட்டின் அருகில் உட்கார்ந்தவளுக்கு ஒரு பக்கம் கண் கூசும், மறு பக்கம் இருட்டாகத் தெரியும். ஒரே இடத்தில் பெரிதாக வைக்காமல், பல இடங்களில் சிறிது சிறிதாகப் பரப்பி வைப்பதும் நலம்.

கூரையே அடுப்பானால்?

ஜன்னலைத் திருத்திவிட்டால் மட்டும் போதுமா? போதாது. கோடை வெயிலில் தகட்டுக் கூரை 60 டிகிரியைத் தொட்டுவிடும். அதற்குக் கீழே நிற்பவரின் தலையிலும் தோளிலும் அந்த உஷ்ணம் கதிராக இறங்குகிறது. மின்விசிறி காற்றை அசைக்குமே தவிர, இந்தக் கதிரைத் தடுக்காது. 1970-ல் டென்மார்க் தேசத்து விஞ்ஞானி பாங்கர் என்பவர், மனித தேகத்தின் சௌகரியம் ஆறு விஷயங்களைப் பொறுத்தது என்று விளக்கினார். காற்றின் உஷ்ணம், சுற்றியுள்ள பரப்புகளின் கதிர், ஈரப்பதம், காற்றின் வேகம், உடுத்திய உடை, செய்யும் வேலை ஆகியவையே அந்த ஆறு. சுவரில் மாட்டிய உஷ்ணமானி இவற்றில் ஒன்றைத்தான் காட்டுகிறது. "வெளியே 38 டிகிரி, உள்ளேயும் 38 டிகிரிதான், பிறகு ஏன் முறையிடுகிறார்கள்?" என்று கேட்கும் மானேஜர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பரிகாரம் மூன்று. முதலாவது, வெள்ளை. கோடையில் நம் கோயில்களின் பிரகாரங்களில் பக்தர்களின் கால் சுடாமலிருக்க வெள்ளை வர்ணம் பூசியிருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். கறுத்த கல்லில் கால் வைக்க முடியாது; அதே வெயிலில் வெள்ளைப் பட்டையின் மேல் நிதானமாக நடக்கலாம். பாதத்துக்குச் செய்யும் இந்த உபசாரத்தைக் கூரைக்கும் செய்தால் என்ன? புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். 2023-ல் தெலுங்கானா சர்க்கார் இதற்கென்றே 'குளிர்க் கூரை'க் கொள்கை ஒன்றை வெளியிட்டார்கள்.

இரண்டாவது, இரட்டைக் கூரை. கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி விட்டால், மேலே உள்ளது வெயிலைத் தாங்கும், கீழே உள்ளது குளிர்ந்திருக்கும். இதற்கு உதாரணம் தேடி அயல்நாடு போக வேண்டாம். நம் ஊரிலிருந்து சுமார் 100 கிலோ மீட்டரில் உள்ள புதுச்சேரிக்குப் போனால் போதும். அங்கே ஸ்ரீ அரவிந்தாசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டா விடுதியில், 1930-களின் பிற்பகுதியிலேயே, அந்தோனின் ரேமண்ட் என்ற சிற்பியும் அவருடைய சகாக்களும் கான்கிரீட் தளத்தின் மேல் வளைந்த ஓடுகளை அடுக்கி, இடையில் காற்றை விட்டு, மின்சாரக் குளிர்ச்சாதனம் இல்லாமலே வாசத்துக்கு இதமான கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார்கள்.

மூன்றாவது, முகட்டுத் திறப்பு. சூடான காற்று மேலே ஏறும். ஏறியது வெளியேற வழியில்லாவிட்டால் அங்கேயே தங்கிக் கூடத்தைப் புழுக்கும். கூரை முகட்டில் நீளமான திறப்பும், சுவரின் கீழ்ப்பகுதியில் காற்று நுழையும் திறப்பும் இருந்தால், யந்திரமில்லாமலே காற்று ஓடும். செங்குத்தான வடக்குக் கண்ணாடியைத் திறந்து மூடும்படி அமைத்தால், அதுவே வெளிச்சத்துக்கும் வழி, வெப்பம் வெளியேறவும் வழி. ஒரே செலவில் இரண்டு பலன்!

லாபமும் நியாயமும்

"இதெல்லாம் தர்ம காரியம், வியாபாரத்துக்குக் கட்டுமா?" என்று முதலாளிகள் கேட்கலாம். கட்டும் என்றே ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. சோமநாதன் முதலிய இந்தியப் பொருளாதார நிபுணர்கள் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வருஷத்தின் உஷ்ணம் ஒரு டிகிரி உயர்ந்தால் நம் நாட்டு ஆலைகளின் உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள ஆயத்த ஆடை ஆலைகளைப் பற்றி 2020-ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி நம் விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. அங்கே பழைய விளக்குகளை எடுத்துவிட்டு, உஷ்ணம் குறைந்த எல்.இ.டி. விளக்குகளைப் போட்டார்கள். மின்சாரம் மிச்சமாகும் என்பதுதான் எதிர்பார்த்த லாபம். ஆனால் வெயில் நாட்களில் வேலை தடைப்படாமல் நடந்ததால் கிடைத்த லாபம், மின்சாரத்தில் மிச்சமானதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது! விளக்கின் உஷ்ணம் குறைந்ததற்கே இவ்வளவு என்றால், தலைக்கு மேல் தொங்கும் நூறு இஸ்திரிப் பெட்டிகளை இறக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதை முதலாளிகளே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

லாபத்தை விடுங்கள், நியாயம் என்றும் ஒன்று இருக்கிறதல்லவா? சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், நம் நாட்டுச் சட்டசபை தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியது. சுவரும் கூரையும் உஷ்ணத்தை இயன்றவரை குறைவாக வைக்கும் பொருளாலும் அமைப்பாலும் ஆனவையாக இருக்க வேண்டும் என்றும், வெளிச்சத்துக்கான கூரைக் கண்ணாடிகளை உள்ளும் புறமும் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் விதித்தார்கள். புதிதாக விடுதலை பெற்ற ஒரு தேசம், தன் தொழிலாளியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி அழுக்காக இருக்கக் கூடாது என்றுகூட நினைத்துப் பார்த்தது. அதை எண்ணும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது.

2025 நவம்பர் முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமுலில் இருக்கிறது. காற்றோட்டமும் உஷ்ணமும் வெளிச்சமும் அதிலும் இடம் பெற்றிருக்கின்றன. ஆனால் மின்சக்தியைப் பயன்படுத்தும் இடத்தில் முன்பு 10 பேர் வேலை செய்தாலே அது 'தொழிற்சாலை'. இப்போது அந்தப் பெயருக்கு 20 பேர் வேண்டும். சிறு கூடங்கள் பல இந்த எண்ணிக்கைக்கு இப்பால் நிற்கின்றன. அங்கே சட்டத்தின் கண்ணைவிடச் சொந்தக்காரரின் மனச்சாட்சிக்குத்தான் அதிக வேலை.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வெளிச்சத் தகட்டின் மேலும், ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மேலும் ஒருபோதும் கால் வைக்கலாகாது. வெயிலில் பல வருஷம் கிடந்த தகடு பார்வைக்கு உறுதியாக இருக்கும். ஆள் ஏறினால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். சுத்தம் செய்ய ஏறுகிறவர்களுக்கு மிதிபலகையும் இடுப்புக் கயிறும் கொடுக்க வேண்டும். தகட்டுக்குக் கீழே கம்பி வலையும் கட்டி வைக்க வேண்டும். கூரை ஜன்னல் வெளிச்சத்துக்காக வைத்தது. அது யாருக்கும் எமனுடைய வாசலாகிவிடக் கூடாது.

நாம் செய்யக் கூடியது

சுதேசி என்றால் நம் நாட்டுத் துணியை உடுத்துவது என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. நம் நாட்டு வானத்தைப் பார்த்து நம் கட்டடங்களைக் கட்டுவதும் சுதேசிதான். புதிதாகக் கூடம் கட்டுகிற உறவினரோ நண்பரோ இருந்தால், நம் வாசகர்கள் அவரிடம் நாலு கேள்விகள் கேட்கட்டும். கூரையில் வெளிச்சத் தகடு நூற்றுக்கு எத்தனை பங்கு? வடக்குக் கண்ணாடி செங்குத்தாக நிற்கிறதா, அதற்கு ஒரு முழம் நிழல் உண்டா? கூரைக்கு வெள்ளை பூசப் போகிறீர்களா? சூடான காற்று எந்த வழியாக வெளியேறும்? இந்த நாலுக்கும் பதில் தெரியாத வரைபடத்தில் பணத்தைப் போட வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. மேலதிகமான வெளிச்சத் தகடுகளை எடுத்துவிட்டுச் சாதாரணத் தகட்டைப் போடலாம். மிஞ்சியதைக் கழுவிச் சுத்தமாக வைக்கலாம். கூரைக்கு ஒரு வெள்ளைப் பூச்சு, முகட்டில் ஒரு திறப்பு. அடுத்த சித்திரைக்குள் செய்து முடிக்கக் கூடிய காரியங்கள்தாம் இவை. அப்புறம் அந்தச் சாக்குகளை இறக்கிவிடலாம். பகல் விளக்குகளையும் அணைத்துவிடலாம்.